ஆண்டவருக்குக் கெடு வைத்தவர்

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் சாட்சி நேரம். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் லெந்து காலத்தில் உபவாசம் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, ஆண்டவர் தங்களிடம் என்ன பேசினார் என்று சொல்வார்கள். ஒருவருக்கு மகளின் வரனைக் காட்டியிருந்தார். ஒருவரை வேலூருக்கு வீடு மாற்றச் சொல்லியிருந்தார். இன்னொருவரைப் பழைய காரை விற்றுவிட்டுப் புதுசு வாங்கச் சொன்னதோடு நிறத்தையும் சொல்லியிருந்தார். ஒவ்வொன்றுக்கும் சபை 'ஸ்தோத்திரம்' என்றது. அப்போது பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சிலிருந்து சிஸ்டர் எழுந்தார்.

"நாப்பது நாள் கேட்டேன். ஆண்டவர் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலை. வேணாம்னும் சொல்லலை, செய்யுன்னும் சொல்லலை. அதனால நானே ஆரம்பிச்சுடலாம்னு முடிவு பண்ணிட்டேன். ஸ்தோத்திரம்."

உட்கார்ந்துவிட்டார். பதிலுக்கு ஸ்தோத்திரம் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. முன்வரிசையில் ஒரு குழந்தை மட்டும் பழக்கதோஷத்தில் "ஸ்தோத்திரம்" என்று கத்தியது. அதன் அம்மா அதன் வாயைப் பொத்தினார்.

நான் அந்தச் சபைக் கமிட்டியின் செயலாளர். சிஸ்டர் வேலை பார்த்த அதே தனியார் ஆஸ்பத்திரியில் மருந்துக் கடையில் இருந்தேன். அவர் டிரெஸ்ஸிங் ரூம் நர்ஸ். எனக்கு நாலைந்து வயது இளையவர். பதினைந்து வருடம் ஒரே கட்டடத்தில் இருந்தோம். ஆஸ்பத்திரியிலும் சிஸ்டர், சபையிலும் சிஸ்டர் என்பதால் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் அவசியம் வரவில்லை. இப்போது அவர் ஊரில் இல்லை. ஜவ்வாது மலைப் பக்கம் போய்விட்டார். யாருடைய அனுமதியையும் வாங்கிக்கொண்டு போகவில்லை என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை. இதைப் படித்தால் எங்கள் சபையில் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

அவர் ஆரம்பிக்கப் போவதாகச் சொன்னது இதைத்தான். அடி அண்ணாமலையில், மலை சுற்றும் பாதையில், ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, கால் புண்ணுக்குக் கட்டுப் போடும் இடம் ஒன்றை வைப்பது. வாரத்தில் இரண்டு நாள் ஒரு டாக்டர் வந்து பார்ப்பதாக ஒத்துக்கொண்டிருந்தார். மற்ற நாளெல்லாம் சிஸ்டர்தான். இதற்காகப் பதினைந்து வருட வேலையை விடுவதாக இருந்தார். வேலையை விடுவது அவர் பாடு. ஆனால் யாருடைய காலுக்குக் கட்டுப் போடப் போகிறார் என்பதுதான் சபைக்குப் பொறுக்கவில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வெறுங்காலோடு மலையைச் சுற்றி வருகிறவர்களுக்கு.

எங்கள் ஆஸ்பத்திரியில் பௌர்ணமிக்கு மறுநாள் காலை டிரெஸ்ஸிங் ரூம் வாசலில் கூட்டம் ஜாஸ்தியாக இருக்கும். கொப்புளம், வெடிப்பு, கண்ணாடிச் சில்லு. அவற்றைப் பற்றிச் சிஸ்டருக்குக் கவலை இல்லை. "வலிக்குதுன்னு வர்றவன் பொழைச்சுக்குவான்" என்பார். அவர் பயந்தது வலி தெரியாதவர்களைப் பார்த்துத்தான். சுகர் முற்றி, பாதம் மரத்துப்போனவர்கள். வெயிலில் காய்ந்த தார் ரோட்டில் நடந்து உள்ளங்கால் வெந்து போயிருக்கும். ஒரு வாரம் கழித்து நாற்றம் வந்த பிறகுதான் கவனிப்பார்கள். அதற்குள் விரலை எடுக்கவேண்டி வந்துவிடும்.

அப்படி ஒருவர் வந்தால் கண்ணை மூடச் சொல்லி, ஒரு மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் தொடுவார். "தொட்டா சொல்லுங்க." பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பார். சிஸ்டர் நாலு இடம், ஐந்து இடம் தொட்டு முடித்திருப்பார். "இன்னும் ஆரம்பிக்கலீங்களா சிஸ்டர்?" என்று அவர் கேட்பார். மருந்து கொடுக்கப் போகும்போது இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சிஸ்டர் அந்த ஆளின் செருப்பை எடுத்து, உள்ளே தன் கையை விட்டு, ஆணி, கல் ஏதாவது இருக்கிறதா என்று விரலால் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார். சேறு, சாணி எதையும் பார்க்கமாட்டார். அந்தக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

சிஸ்டரிடம் ஒரு குணம். ஆண்டவரிடம் நேரே கேட்பார். பதில் வந்தால் வந்தது என்பார், வராவிட்டால் வரவில்லை என்பார். இது ஒரு பெரிய விஷயமா என்று வெளியே இருப்பவர்களுக்குத் தோன்றலாம். எங்களோடு ஒரு வருடம் இருந்து பாருங்கள், தெரியும். எங்களுக்கு ஒன்றைச் செய்ய ஆசை என்றால் 'ஆண்டவர் ஏவினார்'. செய்ய மனமில்லை என்றால் 'ஜெபிச்சுட்டு சொல்றேன்'. என்னிடம் யாராவது இரவலாகப் பைக் கேட்டால்கூட ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்றுதான் சொல்வேன். கேட்டவரும் புரிந்துகொண்டு நடந்தே போவார்.

புத்தாண்டு காலை ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் அட்டைகளில் ஒன்றை எடுத்தால், அந்த வருடம் முழுவதும் நமக்கு ஆண்டவர் தரும் வாக்கு அதில் இருக்கும். ஜனங்கள் அதை பர்ஸில் வைப்பார்கள், சட்டம் போட்டு மாட்டுவார்கள். ஒரு வருடம் தட்டு சிஸ்டரிடம் வந்தபோது அவர் கையை நீட்டவில்லை.

"எடும்மா" என்றார் போதகர்.

"வேணாங்க ஐயா. போன வருஷம் எடுத்தது இன்னும் நடக்கலை. அது நடக்கட்டும், அப்புறம் புதுசு எடுத்துக்கறேன்."

அடுத்த வருடமும் எடுக்கவில்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை. ஆண்டவரை நம்பவில்லையா என்று மாதர் சங்கத்தில் ஒரு அம்மா கேட்டார். "நம்பறதாலதானேம்மா காத்திருக்கேன். நம்பிக்கை இல்லாதவங்கதான் வருஷா வருஷம் மாத்திக்கறாங்க" என்றாராம். அந்த அம்மா ஆறு மாதம் அவரோடு பேசவில்லை.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒருமுறை வீட்டு மனை வாங்குவது பற்றி ஆண்டவருடைய சித்தம் தெரியவேண்டும் என்று கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரலை வைத்தேன். எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் ரகசியமாகச் செய்கிற காரியம்தான். என் விரல் ஈசாக்கின் வேலைக்காரர்கள் கிணறு தோண்டித் தண்ணீர் கண்ட இடத்தில் இருந்தது. துள்ளிக் குதித்துப்போய் மனையை வாங்கிவிட்டேன். போர் போட்டால் தண்ணீரும் வந்தது. கூடவே பக்கத்து மனைக்காரர் எல்லைக்கல் தகராறோடு வந்தார். கோர்ட்டுவரை போய்விட்டது. டிரெஸ்ஸிங் ரூமில் உட்கார்ந்து சிஸ்டரிடம் புலம்பினேன்.

"அண்ணா, விரல் வெச்சீங்களே, அதுக்குக் கீழ் வரியைப் படிச்சீங்களா?"

"இல்லையே."

"அந்தக் கிணத்துக்காகத்தான் ஊர்க்காரங்க அவங்களோட சண்டை போட்டாங்க. ஒரு வரி தள்ளிப் படிச்சிருக்கலாம்."

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். இருந்தது. எனக்கு அன்று வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது.

லெந்து ஆரம்பித்தபோது, வெள்ளிக்கிழமைதோறும் லீவு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் 'ஆண்டவரிடம் ஒரு விஷயம் கேட்கவேண்டும்' என்று எழுதியிருந்தார். ஆஸ்பத்திரி மேனேஜர் நெற்றி நிறைய விபூதி பூசிய மனிதர், வேடிக்கையாகப் பேசுவார். "ஏம்மா, உங்க ஆண்டவர் ஞாயித்துக்கிழமை சும்மாதானே இருப்பாரு, அன்னிக்குக் கேக்கக்கூடாதா?" என்றார்.

"ஞாயித்துக்கிழமை கூட்டம் ஜாஸ்தி சார். ஆளாளுக்கு அவரைப் பேச விடாம பேசிக்கிட்டு இருப்பாங்க."

மேனேஜர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நான் அப்புறம் கேட்டேன், நாற்பது நாளிலும் பதில் வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று.

"ஈஸ்டர் வரைக்கும் டைம் குடுத்திருக்கேன்."

"யாருக்கு?"

"அவருக்குத்தான். அதுக்குமேல தள்ளினா சித்ரா பௌர்ணமி வந்துடும். அன்னிக்குத்தான் ரோடு நெருப்பா காயும், கும்பலும் ஜாஸ்தி. அதுக்கு முன்னாடி ரூம் ரெடியாகணும் அண்ணா. அவருக்கும் இது தெரியும்."

ஆண்டவருக்கே கெடு வைக்கும் பெண்ணை அன்றுதான் முதலில் பார்த்தேன். மின்னல் விழும் என்று நினைத்தேனோ என்னவோ, ஜன்னல் பக்கம் பார்த்தேன். வெளியே ஷேர் ஆட்டோக்காரன் "கலெக்டர் ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ்" என்று கத்திக்கொண்டிருந்தான்.

அறையைப் பார்க்க ஒருநாள் அவரோடு நானும் போனேன். வீட்டுக்காரர் அடி அண்ணாமலையில் நிலம் வைத்திருப்பவர். பாதையோரம் கடைக்காகக் கட்டின இரண்டு அறையில் ஒன்றைக் கொடுக்கச் சம்மதித்திருந்தார்.

"நான் கோயில்ல பூ கேட்டேம்மா. செவப்பும் வெள்ளையும் பொட்டலம் கட்டிப் போட்டேன், வெள்ளை வந்துச்சு. எங்க சாமி குடுக்கச் சொல்லிடுச்சு. உங்க சாமி என்ன சொல்லுச்சு?"

"இன்னும் ஒண்ணும் சொல்லலீங்க."

அவர் சிஸ்டரைப் பாவமாகப் பார்த்தார். "உனுக்கும் சேர்த்து எங்க சாமிகிட்டயே கேட்டுடட்டா?"

"வேணாங்க. உங்க ரூமுக்கு நீங்க கேட்டீங்க, சரி. என் வேலைக்கு நான்தான் கேக்கணும்."

"சரிம்மா, பொறுமையா கேளு. நான் வேற யாருக்கும் விடமாட்டேன்" என்றார் அவர். எங்கள் கமிட்டிக்கு அந்தப் பொறுமை இல்லை.

சாட்சி சொன்ன அந்த வாரமே சனிக்கிழமை சாயந்திரம் சிஸ்டரை வரச் சொன்னார்கள். போதகர், சபைப் பெரியவர்களான மூன்று மூப்பர்கள், நான். ஆரம்ப ஜெபத்தை மூத்த மூப்பர் செய்தார். எங்கள் கோயில் மின்விசிறி, சுற்றுச்சுவர், ஞாயிறு பள்ளி எல்லாவற்றுக்கும் ஜெபித்தார். சிஸ்டர் பேச்சு அதில் வரவில்லை.

"வெறுங்காலோட மலையைச் சுத்தறவங்களுக்கு நாம கட்டுப் போட்டு அனுப்பினா, அடுத்த பௌர்ணமிக்கு மறுபடியும் சுத்துவாங்கம்மா" என்றார் மூத்த மூப்பர்.

"சுத்தட்டும் ஐயா. கால் இருந்தாத்தானே சுத்த முடியும்."

"அதுக்கு நாம துணை போறதா?"

"நான் காலுக்குத்தான் துணை போறேன். ஆஸ்பத்திரியில பதினஞ்சு வருஷமா அதே காலுக்குத்தான் கட்டுப் போட்டேன். அப்ப நீங்க யாரும் கேக்கலையே? சம்பளம் வாங்கிக்கிட்டு செஞ்சா பாவம் இல்லையா?"

போதகர் குறுக்கிட்டார். அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். யாராவது ஆஸ்பத்திரியில் கிடந்தால் முதல் ஆளாக வந்து நிற்பார். ஆனால் பல வருடமாக எல்லாரும் அவரிடமே வந்து 'ஆண்டவர் என்ன சொல்றார் ஐயா' என்று கேட்டுக் கேட்டு, பதில் சொல்லாமல் இருக்க அவரால் முடியாமல் போய்விட்டது.

"மகளே, இது தேவ சித்தம் இல்லைன்னு ஆண்டவர் எனக்கு உணர்த்தினார்" என்றார்.

சிஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எப்போங்க ஐயா?"

"லெந்து நாள்லதான்."

"எந்தக் கிழமைங்க?"

போதகர் எதிர்பார்க்கவில்லை. "வெள்ளிக்கிழமைன்னு நெனைக்கிறேன்."

"லெந்துல ஒரு வெள்ளிக்கிழமை விடாம லீவு போட்டேன். காலையில இருந்து பொழுது சாயற வரைக்கும் அவர் முன்னாடிதான் உக்கார்ந்திருந்தேன். பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலை. என்னைப் பத்தின விஷயம். எதிர்லயே உக்கார்ந்திருக்கிற எங்கிட்ட சொல்லாம, உங்க வீட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போனாரா? நம்ப முடியலீங்க ஐயா. அவர் அப்படிப்பட்டவர் இல்லை."

வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த அறையில் நான் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். ஆனால் பேனாவை எடுத்தது நான்தான். அந்த வெட்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அடி அண்ணாமலைக் காரியத்தைத் தொடங்கினால், மனந்திரும்பும்வரை அவருக்குத் திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் கிடையாது என்று தீர்மானம். பாட்டுக்குழுவை விட்டு நிறுத்தியிருந்தால்கூட அவர் கவலைப்பட்டிருக்க மாட்டார். திருவிருந்து அப்படி இல்லை. மாதத்தின் முதல் ஞாயிறு அவர் டியூட்டி மாற்றிக்கொள்ளாமல் இருந்ததில்லை. ஒருமுறை காய்ச்சலோடு ஆட்டோ பிடித்து வந்து முழங்காலில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரிந்துதான் அடித்தோம்.

கடிதத்தைப் பழைய கடிதம் ஒன்றைப் பார்த்து எழுதினேன். 'பல நாட்கள் ஊக்கமாக ஜெபித்தபின் இந்தத் தீர்மானத்திற்கு வந்திருக்கிறோம்' என்று தொடங்கும். எங்கள் கடிதங்கள் எல்லாம் அப்படித்தான் தொடங்கும். ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டோம். அவர் உண்மையாகவே தொடங்கினால் கொடுப்பது என்றும், நான் கொண்டுபோய்க் கொடுப்பது என்றும் முடிவு.

சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள், சனிக்கிழமை காலை, கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். பாதையில் இன்னும் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். அறைக்கு வெள்ளை அடித்திருந்தது. ஒரு கட்டில், நாலு பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு பேசின், கட்டுத்துணி டப்பா. பிரதிஷ்டை செய்யப் போதகர் வரமாட்டார் என்று தெரிந்து, சிஸ்டரே நின்று ஜெபித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு மரியாதையாகப் பக்கத்தில் நின்றார்.

நாங்கள் ஜெபம் செய்தால் 'நீர், உம்முடைய, தாரும்' என்று வேதத் தமிழில்தான் செய்வோம். சிஸ்டருக்கு அது வராது. மேனேஜரிடம் பேசுவது எப்படியோ அப்படித்தான் ஆண்டவரிடமும் பேசுவார்.

"ஆண்டவரே, இந்த ரூமை நானாத்தான் எடுத்திருக்கேன். உங்களைக் கேட்டேன், நீங்க பதில் சொல்லலை. வெந்துபோன காலைப் பார்த்துட்டு சும்மா உக்கார்ந்திருக்க எனக்கு முடியலை. நான் செய்யறது தப்புன்னா நிறுத்திடுங்க. உங்களால முடியும். ஆனா நீங்களே வந்து நிறுத்துங்க. ஆள் அனுப்பாதீங்க. ஆமென்."

கண்ணைத் திறந்தார். வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் என்னைத் தாண்டி ஒரு அம்மாள் உள்ளே வந்தார். போளூர்ப் பக்கமாம். முந்தின நாள் மத்தியானமே நடக்க ஆரம்பித்தாராம். "தண்ணி குடுங்கம்மா, குடிச்சுட்டுப் போறேன்" என்றார். காலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. புதுசாகக் கழுவின படியில் அவர் கால் வைத்த இடத்திலெல்லாம் ரத்தம். அவருக்கு அது தெரியவே இல்லை. சிஸ்டர் தண்ணீரைக் கொடுத்து, ஸ்டூலில் உட்காரவைத்து, பேசினைக் காலடிக்கு இழுத்தார். இழுத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"என்ன அண்ணா, லெட்டரா?"

"ஆமா சிஸ்டர்."

"எல்லாரும் ஜெபம் பண்ணி எழுதினதா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கடிதத்தில் அப்படித்தான் இருந்தது, என் கையெழுத்திலேயே இருந்தது. ஆனால் அந்தப் படியைப் பார்த்துவிட்டு என்னால் சொல்ல முடியவில்லை.

"இல்ல சிஸ்டர்" என்றேன்.

"அப்ப எனக்கு வேணாம். எடுத்துட்டுப் போங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. குனிந்து அந்த அம்மாளின் பாதத்தைத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் முதல் ஞாயிறு, திருவிருந்து ஆராதனை. முதல் மணி அடித்ததும் கமிட்டி அறைக்குப் போய்க் கடிதத்தை மேஜைமேல் வைத்தேன்.

"வாங்கிக்கலையா?" என்றார் போதகர்.

"இல்லீங்க ஐயா. ஜெபம் பண்ணி எழுதினதான்னு கேட்டாங்க. இல்லைன்னு சொல்லிட்டேன்."

மூத்த மூப்பருக்கு முகம் சிவந்தது. "எங்களைக் கேக்காம நீ எப்படி அப்படிச் சொல்லலாம்?"

"இப்ப கேக்கறேங்க. இந்த விஷயத்துக்காக உங்கள்ல யாராவது ஒருத்தர், ஒரே ஒரு நிமிஷம் முழங்கால் போட்டிருந்தா சொல்லுங்க. சிஸ்டர் வெளியிலதான் பெஞ்சுல உக்கார்ந்திருக்காங்க. இப்பவே போய்க் கையில குடுத்துட்டு வரேன்."

என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக நான் கமிட்டியில் பேசியதில்லை. மூப்பர்கள் போதகரைப் பார்த்தார்கள். போதகர் கடிதத்தைப் பார்த்தார். ஒருவரும் 'நான் ஜெபித்தேன்' என்று சொல்லவில்லை. இரண்டாம் மணி அடித்ததும் எல்லாரும் எழுந்து போனோம். கடிதம் மேஜையிலேயே கிடந்தது.

திருவிருந்து நேரத்தில் பெண்கள் வரிசையாகப் போய் முழங்காலில் நின்றார்கள். கடைசியில் சிஸ்டர். தீர்மானம் சபையில் பரவியிருந்ததால் அவருக்கு விஷயம் தெரியும். எல்லார் முன்னாலும் தட்டு தன்னைத் தாண்டிப் போகலாம் என்றும் தெரியும். தெரிந்தேதான் போனார். தலையைக் குனியவில்லை. போதகர் ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டே வந்து அவர் முன்னால் நின்றார், நின்றபடியே இருந்தார். பாட்டு ஒரு சரணம் முடிந்து அடுத்த சரணம் தொடங்கியது. சிஸ்டர் நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவில்லை. அப்பம் அந்தக் கையில் விழுந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.